அஞ்சினான் புகலிடம்

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருப்பவர்களுக்குப் பெரிய தத்துவச் சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. பிரம்மம், மாயை, சமாதி போன்றவற்றை அப்படியே எழுதிவிட்டு மேலே செல்லலாம்; வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்கள். தொல்லை தருபவை எளிய சொற்களே. அண்மையில் சிறு கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருந்தபோது, ‘அபயம்’ என்ற வடசொல் என்னை இரண்டு நாட்கள் நிறுத்தி வைத்துவிட்டது.

கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது அபயத்தைத்தான். வழக்கம்போல் ‘அஞ்சாமை’ என்று எழுதினேன். பொருள் சரியே, ஆனால் மனம் நிறையவில்லை. ‘துணிவு’ என்று மாற்றிப் பார்த்தேன். அதில் செயலின் வேகம் இருக்கிறது. உள்ளத்தின் அமைதி இல்லை. ‘வீரம்’ என்றாலோ போர்க்களம் கண்முன் வந்து நிற்கிறது. ‘தைரியம்’ என்பது தீரனின் தன்மை, அதாவது நிலைகுலையாமை. அதுவும் அருகில் வருகிறதே தவிர அதுவே ஆகிவிடவில்லை.

அப்போது, நம் வீட்டுப் பாட்டிமார் இந்தச் சொல்லை எப்படி வழங்கினார்கள் என்ற நினைவு வந்தது. ‘அபயம் என்று வந்தவனைக் கைவிடலாமா?’ என்பார்கள் அவர்கள். அவர்களுக்கு அபயம் என்றால் அடைக்கலம். கோவிலில் இறைவனின் உயர்த்திய வலக்கரத்தை அபயகரம் என்கிறோம். அந்தக் கரம் ‘நான் அஞ்சவில்லை’ என்று தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எதிரில் நிற்பவரைப் பார்த்து ‘அஞ்சாதே’ என்கிறது.

சொல் ஒன்றுதான். ஒரு பொருளில் அது நம்மிடம் இருக்க வேண்டிய பண்பு. மற்றொரு பொருளில் பிறருக்கு நாம் அளிக்க வேண்டிய கொடை. இவை இரண்டும் வெவ்வேறானவையா? அல்லது ஒன்றையே இரண்டு பக்கங்களிலிருந்து பார்க்கிறோமா? அகராதியால் விடைகூற முடியாத இந்தக் கேள்வி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவுக்கு என்னை அழைத்துச் சென்றது.

ஓர் இரவு

அப்போது நான் ஆசிரமத்தில் பிரம்மச்சாரியாகச் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றிருந்தேன். மரணத்தைப் பற்றி மேலைநாட்டு அறிஞர்கள் என்ன சொன்னார்கள், உபநிஷதங்கள் என்ன சொல்கின்றன என்று மணிக்கணக்கில் பேச என்னால் முடியும். அந்த எண்ணமும் எனக்குள் சற்று மிகுதியாகவே இருந்தது.

ஆசிரமத்தில் முதிய துறவி ஒருவர் நுரையீரல் நோயால் படுத்த படுக்கையாக இருந்தார். இரவில் அவருக்குத் துணையிருக்கும் பணியை நாங்கள் முறைவைத்துச் செய்துவந்தோம். என் முறை வந்த இரவில், நள்ளிரவு கடந்த பின் அவருக்கு இருமல் தொடங்கியது. மூச்சுத் திணறியது. தலையணையில் இரத்தம் படர்ந்தது. அவரது கை என் பக்கமாக நீண்டது. நான் அதைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். பற்றவில்லை, எழுந்து வெளியே ஓடிவிட்டேன்.

உதவிக்கு ஆளை அழைக்க ஓடியதாக மறுநாள் எல்லோரிடமும் கூறினேன். அழைப்பு மணி அவரது கட்டிலின் தலைமாட்டிலேயே இருந்தது. ஓசை கேட்டு அடுத்த அறையிலிருந்து வந்த மூத்த பிரம்மச்சாரி ஒருவர்தான் அவரைக் கவனித்துக்கொண்டார். நான் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, வேறு பணி வேண்டும் என்று கேட்டுப் பெற்றேன். அச்சுப் படிகளைத் திருத்தும் பணி கிடைத்தது. அன்று என் மேசைக்கு வந்த படியில், ஆன்மாவுக்கு அச்சமே இல்லை என்பதை விளக்கும் நீண்ட பகுதி இருந்தது. ஒரு பிழைகூட விடாமல் திருத்திக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் என்னை அழைத்துவரச் சொன்னார். கண்டிப்பார் என்று எதிர்பார்த்துச் சென்றேன்.

“என்னப்பா, பயந்துவிட்டாயா?” என்று கேட்டார்.

தலையசைத்தேன்.

“எனக்கும் பயமாகத்தான் இருந்தது” என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் துறவு வாழ்க்கை வாழ்ந்தவர் அவர். சற்று நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்” என்று கூறிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருந்தது என்பது உடனே புரிந்தது. அதில் ஒரு போதனையும் இருந்தது என்பது புரிய வெகுநாளாயிற்று.

ஓடியவர் திரும்பினார்

அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது பாபா ஆம்டேயின் வாழ்க்கை. சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயில் பாதையில், மகாராஷ்டிர எல்லைக்குள் நுழைந்து சந்திரபூரைக் கடந்த பின் வரோரா என்ற ஊர் வருகிறது. நம்மில் பலர் உறக்கத்திலேயே கடந்துவிடும் நிலையம் அது. அவருடைய வாழ்க்கை திசைமாறியது அந்த ஊரில்தான்.

முரளீதர் தேவிதாஸ் ஆம்டே 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், வார்தா மாவட்டத்தைச் சேர்ந்த ஹிங்கண்காட்டில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் வேட்டையாடினார், விருப்பம்போல் கார் ஓட்டினார், திரைப்படங்களுக்கு விமர்சனம் எழுதினார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1942-ஆம் ஆண்டின் போராட்டத்தில் கைதான தலைவர்களுக்காக வாதாட முன்வந்தவர்களில் அவரும் ஒருவர். ரயிலில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்ட வெள்ளைச் சிப்பாய்களை அவர் தனியாளாக எதிர்த்து நின்றதை அறிந்த காந்தியடிகள், அவரை ‘அபய சாதகர்’ என்று அழைத்ததாகக் கூறுவர். அதே அபயம்!

வரோரா நகராட்சியில் பொறுப்பேற்றிருந்தபோது, துப்புரவுத் தொழிலாளர்களின் துன்பத்தை உணரும்பொருட்டு, மலக்கூடையைத் தாமே தலையில் சுமந்தார். அத்தகைய நாட்களில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு வேளையில், வழியோரத்தில் ஏதோ ஒரு குவியல் கிடப்பதைக் கண்டார். அருகில் சென்றபோதுதான் அது ஒரு மனிதர் என்பது தெரிந்தது. தொழுநோய் முற்றி, விரல்களை இழந்து, புண்களில் புழுக்கள் நெளிய, உயிர் மட்டும் எஞ்சியிருந்தது.

ஆம்டே ஓடிவிட்டார். நோய் தம்மையும் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சம் அவரை வீடுவரை துரத்தியது. சிப்பாய்களுக்கு அஞ்சாதவர், காட்டு விலங்குகளுக்கு அஞ்சாதவர், இறந்துகொண்டிருந்த ஒருவருக்கு அஞ்சினார். இதைப் பிற்காலத்தில் அவரே ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார்.

அவர் வாழ்க்கையை எழுதுபவர்கள் இந்த இடத்தை ஓரிரு வரிகளில் கடந்து, அவர் செய்த பெரும் பணிகளுக்கு விரைந்து சென்றுவிடுவது வழக்கம். எனக்கோ இந்த இடத்தில்தான் நிற்கத் தோன்றுகிறது. அச்சத்தை வென்ற பிறகு அவர் திரும்பிச் சென்றாரா? அப்படியில்லை. அஞ்சியபடியேதான் திரும்பினார். அந்த மனிதருக்கு உணவளித்தார். மழையிலிருந்து காக்க ஒரு கொட்டகை அமைத்தார். அவர் இறக்கும்வரை பணிவிடை செய்தார். அச்சம் அகன்றது அதற்குப் பின்னர்தான்.

மரத்துப்போன கை

துணிவு என்றால் என்ன என்று கிரேக்கத் தளபதிகள் இருவரிடம் சாக்ரடீஸ் கேட்பதாக பிளேட்டோ ‘லாகிஸ்’ என்ற உரையாடலை அமைத்திருக்கிறார். போர்முனையில் இடம்பெயராமல் நிற்பதே துணிவு என்கிறார் ஒருவர். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்ற அறிவே துணிவு என்கிறார் மற்றவர். எந்த விடையும் நிலைபெறாமலே உரையாடல் முடிகிறது. மாணவனாக இருந்தபோது இந்த முடிவு எனக்கு ஏமாற்றம் அளித்தது. இப்போது, இதைவிட நேர்மையான முடிவு இருக்க முடியாது என்று தோன்றுகிறது. நம் வள்ளுவரும் அஞ்சாமையைப் போற்றியதோடு நிற்கவில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது அறியாமை என்றும் கூறினார். ஆகவே அச்சம் இல்லாதிருத்தல் மட்டுமே துணிவாகிவிடாது.

இதைத் தெளிவாக்க, தொழுநோயைப் பற்றிய மருத்துவ உண்மை ஒன்றே போதும். ஆம்டே பிறந்த அதே 1914-ஆம் ஆண்டில், நம் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தவர். இந்நோயில் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். நோய் தாக்குவது நரம்புகளை. அதனால் உணர்ச்சி அற்றுப்போகிறது. வலி தெரியாத கை சுடுபாத்திரத்தைப் பற்றுகிறது, ஆணி தைத்த கால் நடந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஏற்படும் காயங்களே உறுப்புகளை அழிக்கின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நாம் வேண்டாம் என்று ஒதுக்கும் வலிதான் நம் உடலைக் காத்துவருகிறது.

அச்சமும் அப்படிப்பட்டதே. அச்சத்தை முற்றிலும் மரத்துப்போகச் செய்துகொண்டவன் தன்னையும் காயப்படுத்திக்கொள்வான், பிறரையும் காயப்படுத்துவான். அது அவனுக்குத் தெரியவும் தெரியாது. ஆசிரமத்தில் சேர்ந்த நாட்களில் நான் தேடிய அஞ்சாமை இத்தகையதுதான். எதுவும் என்னைத் தொடக் கூடாது, எதற்கும் நான் கலங்கக் கூடாது என்று விரும்பினேன். மரத்துப்போன கையையே ஞானம் என்று எண்ணியிருந்தேன். அந்தப் பெரியவரோ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று ஓர் இளைஞனிடம் சொல்லக்கூடியவராக இருந்தார். அவருடைய உள்ளம் மரத்துப்போகவில்லை. அதனால்தான் மூச்சு வாங்கும் நிலையிலும் என் வெட்கம் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஒருவர்

அச்சம் எங்கிருந்து தோன்றுகிறது என்ற கேள்வியைப் பிருகதாரண்யக உபநிஷதம் எடுத்துக்கொள்கிறது. ஆதியில் தனித்திருந்த ஆத்மா அஞ்சியதாகவும், தன்னைத் தவிர வேறொன்று இல்லாதபோது எதற்கு அஞ்ச வேண்டும் என்று சிந்தித்ததாகவும், அக்கணமே அச்சம் அகன்றதாகவும் அது கூறுகிறது. இரண்டாவது ஒன்று இருப்பதாக எண்ணும்போதுதான் அச்சம் தோன்றுகிறது என்பது அதன் முடிவு.

இதைத் தேர்வுக்காகப் படித்தபோது உயர்ந்த தத்துவமாக மட்டும் தெரிந்தது. மழையில் நின்ற ஆம்டேயை நினைத்துப் பார்த்தால் இதுவே நடைமுறை உண்மையாகத் தெரிகிறது. வழியோரத்தில் கிடந்தவர் ‘வேறொருவர்’ ஆக இருந்தவரை அச்சம் இருந்தது. ஓடுவதால் அந்த வேற்றுமை குறையாது. ஓடும் ஒவ்வோர் அடியிலும் பெருகும். திரும்பிவந்து, அந்தப் புண்ணைத் துடைத்து, அந்த வாயில் உணவை ஊட்டும்போது, ‘இரண்டாவது’ என்பது சிறிது சிறிதாகக் கரைகிறது. ஒருமையை முதலில் உணர்ந்துவிட்டுப் பிறகு சேவை செய்வது மிகச் சிலருக்கு வாய்க்கும். நம்மைப் போன்றவர்கள் சேவையின் வழியாகத்தான் அந்த ஒருமையைத் துளித்துளியாக அறிய முடிகிறது.

என் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அபயம் என்ற சொல்லின் இரண்டு பொருள்களும் வெவ்வேறானவை அல்ல. அடைக்கலம் கொடுப்பதால்தான் அஞ்சாமை பிறக்கிறது. கொடுப்பதற்கு முன் அது நம்மிடம் இருப்பு வைத்திருக்கும் பொருளாக இருப்பதில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். சமண சமயத்தவர் போற்றிய நால்வகைத் தானங்களில் உணவு, மருந்து, கல்வி ஆகியவற்றோடு அடைக்கலமும் ஒரு தானம். துறவறம் ஏற்கும்போது எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிப்பதாக உறுதி கூறுவது நம் மரபு. சில ஆண்டுகளுக்குப் பின் அந்த உறுதிமொழியை நான் கூறியபோது, தலையணையிலிருந்து என்னை நோக்கி நீண்ட கை கண்முன் தோன்றி மறைந்தது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் சிலவற்றில், அடைக்கலம் தேடி வந்தோரைக் காத்த இடங்கள் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று குறிக்கப்படுகின்றன. அஞ்சியவன் வந்து சேரும் இடம்! ஒரு மனித வாழ்க்கை அடையக்கூடிய பெயர்களில் இதைவிட உயர்ந்தது உண்டா என்று தெரியவில்லை.

பொருள் காத்திருக்கும் இடம்

அந்த மழைநாளுக்குப் பின் ஆம்டேயின் வாழ்க்கை முன்போல் இருக்கவில்லை. கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிலையத்தில் தொழுநோய் சிகிச்சை குறித்துப் பயின்றார். ஆய்வுக்காகத் தம் உடலிலேயே நோய்க்கிருமியைச் செலுத்திக்கொள்ளவும் இசைந்தார், நோய் பற்றவில்லை. 1949-ஆம் ஆண்டு தொழுநோயாளர்களுக்காக ஒரு சங்கம் நிறுவப்பட்டது. பின்னர் வரோராவுக்கு வெளியே கல்லும் புதரும் நிறைந்த நிலத்தில், மனைவி சாதனா, இரண்டு சிறு பிள்ளைகள், ஆறு நோயாளிகள் ஆகியோருடன் ஆனந்தவனம் தொடங்கியது. கிணறு வெட்டினார்கள், பயிர் செய்தார்கள், தாங்கள் விளைவித்ததைத் தாங்களே உண்டார்கள். பிச்சை மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது, உழைப்பே அவனை நிமிர்த்துகிறது என்பது அவரது உறுதி. விரல்களை இழந்தவர்கள் வீடுகள் கட்டினார்கள். முதுகெலும்புக் கோளாறால் பிற்காலத்தில் உட்காரவே முடியாமல், படுத்தும் நின்றுமே பணியாற்றிய அவர், 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் மறைந்தார்.

‘என் வாழ்க்கைக்கு என்ன பொருள்?’ என்று கேட்டு இளைஞர்கள் எழுதும் கடிதங்கள் எங்களுக்கு வருவதுண்டு. படிப்பும் வேலையும் வசதியும் இருந்தும் உள்ளே வெறுமை என்கிறார்கள். அவர்களுக்கு விரிவான பதில்களை எழுதியிருக்கிறேன். ஆம்டேக்கும் எல்லாம் இருந்தது. அவருடைய வாழ்க்கையின் பொருளோ, அவர் எந்த இடத்தைவிட்டு ஓடினாரோ அந்த இடத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆகவே இப்போதெல்லாம் பதில் எழுதும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன்: “அண்மையில் நீங்கள் எந்த இடத்திலிருந்து விலகி வந்தீர்கள்?” பேசாமல் விட்ட தந்தையின் அறையாக அது இருக்கலாம்; பார்க்கச் செல்லாமல் தள்ளிப்போட்ட நண்பனின் மருத்துவமனைப் படுக்கையாக இருக்கலாம்; ஒப்புக்கொள்ளாமல் மறைத்த தவறாகவும் இருக்கலாம். நாம் வளர வேண்டிய திசையை அச்சம் பல நேரங்களில் துல்லியமாகக் காட்டிவிடுகிறது.

எல்லா அச்சத்தையும் நோக்கி நடக்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. சில அச்சங்கள் நம்மைக் காப்பவை. அவற்றுக்குச் செவிசாய்ப்பதே விவேகம். கொடுமை செய்பவரிடமிருந்து தப்பி வந்த ஒருவரைத் திரும்பிப் போகச் சொல்வது அறமாகாது. அவருக்கு வேண்டியது புகலிடம். வேறுபாட்டை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நான் விலகி வந்த இடத்தில், என்னை எதிர்பார்த்து யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். இருந்தால் திரும்பத்தான் வேண்டும். அச்சத்தைக் களைந்துவிட்டு வரலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

எனக்குக் காலம் கடந்துவிடவில்லை. அந்தப் பெரியவர் அழைத்த நாளிலிருந்து அவர் மறையும்வரை பதினொரு இரவுகள் அவரருகில் இருந்தேன். ஒவ்வோர் இருமலுக்கும் என் நெஞ்சு படபடத்தது. ஆனால் கை அவர் கையில் இருந்தது. கடைசி இரவில் அவர் கண்விழித்து, “இன்னும் பயமா?” என்று கேட்டார். “கொஞ்சம் இருக்கிறது, சுவாமிஜி” என்றேன். “இருக்கட்டும்” என்று கூறிவிட்டு உறங்கிப்போனார். விடியும்முன் அவரது மூச்சு அடங்கியது. அந்த வேளையில் நான் அஞ்சினேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. என்னைப் பற்றிய நினைவே அப்போது எழவில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாட்களுக்குப் பின் ‘அஞ்சாமை’ என்பதை அடித்துவிட்டு ‘அபயம்’ என்றே எழுதினேன். வாசகர்கள் தங்கள் பாட்டியிடம் கேட்ட பொருளையும் சேர்த்துப் படித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.